மேலெல்லாம் ஊறல்

வெள்ளிப்பாறை ஏலத்தோட்டத்தில் யாருக்கும் சொறியோ சிரங்கோ கிடையாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் சின்னமுத்து தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிச் சொறிந்துகொண்டிருந்தான். எழுத்து வாசனை இல்லாதவர்கள் இப்படித்தான், நிர்வாகம் என்ன சொல்லியிருக்கிறது என்று தெரியாமலே நோயை வரவழைத்துக்கொள்வார்கள்.

ஐப்பசி மாதம். சாந்தன்பாறைக்கு மேலே அந்த மாதத்தில் மழை பிடித்தால் விடாது. நனைந்த கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு காய் எடுக்க வேண்டும். அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் குளிரில் நடுங்கினால் அதையே இரவல் கொடுக்கவும் வேண்டும். இப்படி லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சுற்றி வந்த கம்பளி ஒருநாள் சின்னமுத்துவின் விரலிடுக்கில் சின்னச் சின்னப் பொரிப்பாக எதையோ விட்டுவிட்டுப் போயிற்று. அது மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறி, அக்குளில் தங்கி, இடுப்பைச் சுற்றிக் குடித்தனம் நடத்தத் தொடங்கியது. சொறிந்தால் சொர்க்கம், சொறிந்து முடித்தால் நரகம் என்று அவன் பிழைப்பு ஓடிற்று.

வெறும் சொறியாக இருந்தால் அவன் பாட்டுக்குச் சொறிந்துகொண்டு கிடப்பான். ஆனால் அவன் பெண்டாட்டி சந்தனம் தலைப்பிரசவத்துக்கு போடியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். புறப்படும்போதே அவன் கையைப் பார்த்துவிட்டாள்.

"ஏ மாமா, நான் வாரதுக்குள்ள இத ஆத்தி வையி. ஆறாம இருந்துச்சு, பிள்ளைய மூக்கால மோந்துக்க. கையால தொடவிடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள்.

சந்தனம் சொன்னால் சொன்னதுதான். மலையேறி வந்த பொதிக்கழுதைக்காரர்கள் சேதி கொண்டுவந்தார்கள்: பெண் குழந்தை, கார்த்திகை பிறந்ததும் ஏறி வருகிறார்கள். அன்றிலிருந்து சின்னமுத்து காய்க்கூடையைக் கையில் ஏந்தி ஏந்திப் பார்த்தான். இவ்வளவு கனம் இருக்குமா, இதைவிடக் கம்மியா என்று அவனுக்குத் தெரியவில்லை. குழந்தை விஷயத்தில் கனம் தெரிவதற்குக் கையில் வாங்கித்தான் ஆக வேண்டும், மூக்கு போதாது.

முதலில் அவன் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிப் பார்த்தான். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போனபோது கங்காணி கருத்தப்பாண்டி மோப்பம் பிடித்துவிட்டார்.

"ஏலக்காயி எந்த வாடையக் கண்டாலும் இழுத்து வச்சுக்கிரும்டா. வேப்ப வாடை ஏலக்காய எவன் வாங்குவான்? மஞ்சக் கை பட்டா நெறமும் போச்சு. நாட்டு மருந்தெல்லாம் இங்க ஆகாது. நமக்குத்தான் ஆசுபத்திரி கட்டி வச்சிருக்காகல்ல, அங்க போ" என்று கையைக் கழுவ வைத்து அனுப்பினார்.

ஆஸ்பத்திரி என்றால் ஒரே அறை. அதில் ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரி நிறைய உருண்டை டப்பாக்களில் மஞ்சள் மஞ்சளாகக் கந்தகக் களிம்பு. அலமாரிக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு கம்பவுண்டர் கந்தப்பன். காலையில் வந்ததும் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, பேர் தெரிகிற பக்கத்தை வெளியே திருப்பி வைத்து, அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது அவர் வைத்தியம்.

"என்ன உபாதை?" என்றார்.

"சொறிங்கய்யா."

கந்தப்பன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்தக் கட்டடத்துக்குள்ள நின்னுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்றியே, வெளியில பலகையில என்ன போட்டிருக்கு?"

"படிக்கத் தெரியாதுங்கய்யா."

"அது உன் குத்தம்" என்று கந்தப்பன் பலகையை மனப்பாடமாக ஒப்பித்தார். சின்னமுத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"அப்ப இது சிரங்குங்களா?"

"அதுவும் பலகையில இருக்கு."

சின்னமுத்து பேச்சை விட்டுவிட்டுக் கையை நீட்டினான். கந்தப்பன் சட்டென்று கூரையைப் பார்த்தார்.

"கையைக் காட்டாதப்பா, கீழ போடு! பாத்துட்டா நான் மருந்து குடுக்கணும். குடுத்தா டப்பா குறையும். நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு டப்பா குறைஞ்சதில்ல. மருந்து குறையாத எடத்துல நோய் எப்படி இருக்கும்? பக்கத்துத் தோட்டத்துக்காரன் மாசாமாசம் களிம்பு வாங்குறான். அவன்கிட்ட எவ்வளவு நோய் இருக்கும்னு நெனச்சுப் பாரு. மானக்கேடு!"

"அப்ப எனக்கு வந்திருக்கது என்னாதுங்கய்யா?"

"அது உன் உடம்பு, நீதான் சொல்லணும். பலகையில இல்லாத பேரா ஒண்ணு சொல்லு. தாராளமாக் கவனிக்கலாம்."

சின்னமுத்து நிலைப்படியில் முதுகைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். "அரிப்புன்னு வச்சுக்கலாங்களா?"

கந்தப்பன் முகம் மலர்ந்தது. பலகையில் அரிப்பு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலும் அரிப்பு இல்லை. "அரிப்பெல்லாம் ஸ்டோர்ல. நான் சொன்னேன்னு சொல்லு, தருவாங்க" என்றார். ஆஸ்பத்திரி வாசற்படியை மிதித்த ஒருவனை வெறுங்கையோடு அனுப்பவில்லை என்ற திருப்தி அவருக்கு.

ஸ்டோர்காரர் தெற்கத்தி ஆள். அவர் ஊரில் அரிப்பு என்றால் சல்லடை. காய்ந்த ஏலக்காயில் தூசி போகச் சலிக்கிற அரிப்பு அங்கே சுவரோரம் அடுக்கிக் கிடந்தது. கம்பவுண்டரே சொல்லியனுப்பிய பிறகு மறுபேச்சு எதற்கு? பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சின்னமுத்து அதை வாங்கிக்கொண்டு விழித்தான். பூசுவதா, தலையில் கவிழ்ப்பதா என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது. போகிற வழியில் அதன் விளிம்பால் முதுகைச் சொறிந்துகொண்டான். நிர்வாகம் அவனுக்குக் கொடுத்த முதல் மருந்து அது. கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

மறுநாள் அரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பேரோடு போனான். பேர் தேடி லயத்தில் நாலு பேரைக் கேட்டதில் யாரோ 'தினவு' என்று எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

"தினவா?" என்று கந்தப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஒழுங்கு நடவடிக்கை சம்பந்தப்பட்டது. கங்காணிக்குச் சொல்லியனுப்புறேன்."

பிரட்டில் கருத்தப்பாண்டி காத்துக்கொண்டிருந்தார். "என்னடா, தினவெடுத்து நிக்கிறியாமுல்ல? யாரோட மோதணும் ஒனக்கு? என்னோடயா?" என்று மீசையைத் தடவினார்.

"ஐயோ, ஒடம்பு தினவுங்கய்யா."

"ஒடம்புல எடுக்காம தினவு ஒரலுலயா எடுக்கும்? வா, அடக்குறேன்."

புதுப்பாதையில் சரிந்து கிடந்த பாறைகளைப் புரட்டுகிற வேலை கிடைத்தது. வியர்வை வழிந்து பொரிப்பில் இறங்க, உப்புப் பட்ட இடமெல்லாம் பற்றி எரிந்தது. சொறிய நின்றால் "அடங்கலையா இன்னும்?" என்று குரல் வரும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை என்று சொல்லலாம், ஆனால் இங்கே தலைவலியும் போகவில்லை.

மூன்றாவது தடவை போனபோது அவன் மூளையைக் கசக்கவில்லை. போடிப் பக்கத்தில் உடம்பு நமநமவென்று எடுப்பதற்கு ஊறல் என்று ஒரு சொல் உண்டு. சின்னமுத்துவின் ஆத்தாள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த சொல். அதில் என்ன வில்லங்கம் வந்துவிடப் போகிறது?

"எனக்கு ஊறல் இருக்குதுங்கய்யா" என்றான்.

கந்தப்பன் போடிப் பக்கத்து ஆள் இல்லை. அவருக்குத் தெரிந்த ஊறல் ஒன்றே ஒன்றுதான்: வெல்லமும் பட்டையும் போட்டுப் பானையில் புளிக்க வைத்துச் சாராயம் காய்ச்சுகிற ஊறல். அவர் முகம் வெளுத்தது.

"இதை எங்கிட்டயே வந்து சொல்ற துணிச்சல் உனக்கு யார் கொடுத்தா?"

"நீங்கதானேய்யா வேற பேரு சொல்லுன்னீக."

"சரி, போ. கவனிக்க வேண்டியவங்க வந்து கவனிப்பாங்க."

வீடு தேடி வந்து வைத்தியம் பார்க்கப் போகிறார்கள் என்று சின்னமுத்து சந்தோஷமாகத் திரும்பினான். கந்தப்பனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

விடிந்ததும் வந்தார்கள். தோட்டத்தில் சாராயம் பிடிப்பதற்கென்றே வைத்திருந்த வாச்சர் நாணுப்பிள்ளை, கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலையாளத்துக்காரர், மிடுக்கானவர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு குப்பிகூடப் பிடித்ததில்லை என்ற குறை அவருக்கு நெடுநாளாக உண்டு.

"டா, நின்றெ கையில் ஊறல் உண்டோ?"

"உண்டுங்கய்யா. கையிலதான் மொதல்ல வந்துச்சு."

"எத்ர காலமாயி?"

"மழை புடிச்சதுலேர்ந்துங்க."

"ஆர்க்கெல்லாம் கொடுத்து?"

"நானாக் குடுக்கலைங்கய்யா. தானாப் போகுது. லயத்துல பாதிப் பேருக்குப் போய்ச் சேந்துருச்சு."

நாணுப்பிள்ளை தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் ஜெயக்கொடி பறந்தது. "எப்போழாணு பொங்குன்னது?"

"பொழுது சாய அடுப்புப் பக்கம் குந்துனாப் போதும் சாமி, குப்புனு பொங்கிரும். அப்புறம் நான் மனுசனா இருக்கமாட்டேன்."

"சத்தியம் பற. எவிடெ ஒளிச்சு வச்சு?"

"எதுக்குங்க ஒளிக்கணும்? இந்தா, மேலெல்லாம் ஊறல்தான்."

மேலு என்றால் போடிக்காரனுக்கு உடம்பு. நாணுப்பிள்ளை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அவர் பார்த்த கணத்தில் ஆட்கள் இரண்டு பேரும் கடப்பாரையோடு ஏறிவிட்டார்கள்.

"ஐயா, அந்த மேலு இல்லைங்கய்யா, இந்த மேலு!" என்று சின்னமுத்து மார்பில் அறைந்துகொண்டு கத்தினான். ஒளித்து வைத்தவன் கத்தத்தான் செய்வான் என்பது நாணுப்பிள்ளையின் அனுபவம். புல்கூரை கட்டுக்கட்டாகக் கீழே வந்தது. ஒரு பல்லியும், பிறக்கப் போகிற பிள்ளைக்கென்று சந்தனம் செருகி வைத்துவிட்டுப் போயிருந்த பழந்துணி மூட்டையும் விழுந்தன. பானை விழவில்லை. மழை மட்டும் நேராக அடுப்பில் விழுந்தது.

சின்னமுத்துவுக்கு அப்போதுதான் நிஜமாகவே அழுகை வந்தது. கை ஆறவில்லை, அதோடு பிள்ளையைக் கிடத்தக் கூரையும் இல்லை. சந்தனம் வந்து கேட்டால், எனக்குச் சொறி, அதனால் கூரையைப் பிரித்தார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

சாராயம் கிடைக்காததால் விவகாரம் பெரிதாயிற்று. கிடைத்திருந்தால் தண்டனை கொடுத்து முடித்திருப்பார்கள். மானேஜர் இன்னாசிராஜ் பங்களா வராந்தாவில் விசாரணை வைத்தார். ஒரு பக்கம் கந்தப்பன், ஒரு பக்கம் நாணுப்பிள்ளை, பின்னால் கருத்தப்பாண்டி. நாற்காலிக்குக் கீழே பெரிய துரை சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பிரின்ஸ் என்ற நாய். முற்றத்தில் மழையில் சின்னமுத்து.

மானேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கூலி ஜனங்களின் ஆரோக்கியத்துக்காக நம் நிர்வாகம் என்னதான் செய்யவில்லை? ஆஸ்பத்திரி கட்டினோம். சீமையிலிருந்து அலமாரி வரவழைத்தோம். அலமாரி நிறைய மருந்து வாங்கினோம். அந்த மருந்தை எவரும் தொட்டுவிடாமல் காப்பாற்றச் சம்பளம் கொடுத்து ஒரு கம்பவுண்டரையும் வைத்தோம். இதற்கு மேல் ஒரு நிர்வாகம் என்ன செய்ய முடியும்?"

"செய்ய முடியாதுங்க" என்றார் கந்தப்பன்.

"இருந்தும் இந்த ஆள் முதல் நாள் ஒன்று சொல்கிறான், அடுத்த நாள் வேறொன்று சொல்கிறான். சல்லடை கேட்டான், கொடுத்தோம். தினவு என்றான், அடக்கினோம். ஊறல் என்றான், கூரைவரை தேடினோம். கேட்டதற்கெல்லாம் நடவடிக்கை எடுத்த நிர்வாகம் இந்த மலையில் வேறு எங்காவது உண்டா? ஏன்டாப்பா, கடைசியாகக் கேட்கிறேன், உனக்கு என்னதான்?"

சின்னமுத்துவுக்குத் தெரிந்த பேர்களெல்லாம் தீர்ந்துவிட்டன. இன்னொரு பேர் சொன்னால் மிச்சமிருக்கிற சுவரையும் இடிப்பார்களோ என்று நினைத்தான்.

"ஒண்ணுமில்லைங்கய்யா."

"கேட்டுக்கொண்டீர்களா? ஒன்றுமில்லை என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். பலகை பொய் சொல்லாது!" என்று மானேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்து நாற்காலிக்குக் கீழேயிருந்து டொக் டொக் டொக்கென்று சத்தம் வந்தது. பிரின்ஸ் பின்னங்காலால் காதைச் சொறிகிற சத்தம். முதுகில் முடி கொட்டிச் சிவந்து கிடந்தது. சின்னமுத்து அதையே பார்த்தான். இத்தனை பெரிய தோட்டத்தில் தன் கஷ்டம் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான் என்று பட்டது.

"அதுக்கும் சொறிங்களாய்யா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"வாயை அலம்பு!" என்று கந்தப்பன் சீறினார். "பிரின்ஸுக்கு ஸ்கின் டிரபிள்."

"அது பலகையில இல்லீங்களா?"

"இல்லை."

சின்னமுத்து கையைக் கூப்பினான். "அப்ப எனக்கும் அதேதாங்கய்யா. இஸ்கின் டிராவல்."

கந்தப்பன் பொறுமையாக விளக்கினார். "உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாதவனுக்கு அந்த நோய் எப்படிப்பா வரும்?"

மானேஜர் தீர்ப்புச் சொன்னார். ஒன்றுமில்லாத ஒருவன் இத்தனை பேர் வேலையையும் கெடுத்ததற்குத் தண்டனையாக, துரையின் நாய்க்குத் தினமும் களிம்பு தேய்த்துவிட வேண்டும். களிம்பு ஆஸ்பத்திரிக் கணக்கில் வராது, பங்களாக் கணக்கில் தனியாக வாங்கியது. ஆக, அலமாரியில் டப்பா குறையாது. கந்தப்பனுக்கு உயிர் வந்தது.

மறுநாளிலிருந்து சின்னமுத்து நாயை மடியில் போட்டுக்கொண்டு தேய்த்தான். மஞ்சள் களிம்பு, கந்தக வாடை. அவன் தேடி அலைந்த அதே மருந்து உள்ளங்கை நிறைய இருந்தது. எதிரே முக்காலி போட்டு நாணுப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். கூரையில் விட்டதை இங்கே பிடித்துவிட வேண்டுமென்று அவருக்கு வைராக்கியம்.

"கை மேலே போகருது!" என்பார். "மேலே" என்ற சொல்லைக் கேட்டாலே சின்னமுத்து அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொள்வான். மணிக்கட்டுக்கு மேலே ஒரு பொட்டுக் களிம்பு பட்டால் திருட்டு. தேய்த்து முடித்ததும் விரலில் ஒட்டியிருப்பதை நாயின் வாலிலேயே வழித்துவிட வேண்டும். அப்புறம் கந்தப்பன் வந்து கையை மோந்து பார்த்துச் சோப்புப் போடச் சொல்வார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி மோந்து வேறு பார்த்தார். நாய் மட்டும் சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அதன் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. கொடுத்து வைத்தது என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் யார் முக்காலி போட்டுக் காவல் இருந்தாலும் மருந்து தன் வேலையைச் செய்யாமல் விடுமா? தேய்க்கத் தேய்க்க நாயின் முதுகு ஆறியது. தேய்த்த கையும் ஆறியது. உள்ளங்கையும் விரலிடுக்கும் பொரிப்பெல்லாம் உதிர்ந்து புதுத்தோல் போட்டன. மணிக்கட்டில் வந்ததும், எல்லைக்கல் நட்ட மாதிரி, பழைய சிரங்கு அப்படியே நின்றது. இன்னும் கொஞ்ச நாள் நாய் ஆறாமல் இருந்தால் எப்படியாவது நாணுப்பிள்ளை கண்ணில் மண்ணைத் தூவி முழங்கை வரைக்கும் பூசிவிடலாம் என்று சின்னமுத்து கணக்குப் போட்டான். பிரின்ஸ் நன்றியில்லாமல் ஆறிவிட்டது. கந்தப்பன் டப்பாவை மூடினார்.

"பாத்தியா, முறையா வந்தா எல்லாம் ஆறும்" என்று அறிவுரையும் சொன்னார்.

கார்த்திகை பிறந்தது. சந்தனம் வருகிற சேதி வந்ததும் சின்னமுத்து கூரைக்குப் புல் வெட்டுவதைப் பாதியில் போட்டுவிட்டுப் போடிமெட்டுக்கு ஓடினான். மலைப்பாதை முடிகிற இடத்தில், காவல்காரர்கள் நிற்கிற சுங்கச் சவுக்கைக்குப் பக்கத்தில், பொதிக்கழுதைகளுக்குப் பின்னால் சந்தனம் ஏறி வந்தாள். மாராப்பில் கட்டிய தொட்டிலில் குழந்தை. மேல்மூச்சு வாங்க நின்றவள் முதலில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கையக் காட்டு மாமா."

நீட்டினான். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். விரலை விரித்து இடுக்கிடுக்காகப் பார்த்தாள். சுத்தம். முகத்தில் சிரிப்பு வரப்போன நேரத்தில் சட்டைக் கையைத் தூக்கிவிட்டாள். மணிக்கட்டிலிருந்து மேலே சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டிக் கிடந்தது. இதைத்தான் இத்தனை நாளாகப் பார்க்க மாட்டோமென்று எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"என்ன மாமா இது? இம்புட்டோட ஏன் நிக்குது?"

ஆஸ்பத்திரியையும் அரிப்பையும் கூரையையும் நாயையும் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? சின்னமுத்துவின் உதடு கோணிற்று.

"இப்பதைக்கி உள்ளங்கை வரைக்குந்தான் தாயி உத்தரவாயிருக்கு" என்றான்.

சந்தனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான், ஆறின கைக்குப் பிள்ளை உண்டு. தொட்டிலை அவிழ்த்து, அவன் இரண்டு உள்ளங்கையிலும் குழந்தையை வைத்தாள். அவன் கையை முன்னால் நீட்டியபடியே, மார்போடு அணைக்காமல், முழங்கையில் சாய்க்காமல், சுடுசோற்றுப் பானையைப் பிடித்த மாதிரி நின்றான். காய்க்கூடையைவிடக் கனம் கம்மிதான். அவன் கண் நிறைந்தது. அதே நேரத்தில் இடது தோளில் பொங்கிக்கொண்டு வந்தது.

கை இரண்டும் பிள்ளைக்கு ஆகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன மாமா, அழுவுறியா?"

"தோளு… ஊ…" என்று தொடங்கியவன் சட்டென்று வாயை மூடி, சவுக்கையில் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தான்.